நாணைத் தளர்த்திய கை

ஆசை விலங்குக்கும் உண்டு; மனிதனுக்கும் உண்டு. அது மூண்டெழும் வேளையில் தன்னைத்தானே தடுத்து நிறுத்திக்கொள்ளும் ஆற்றல் யாருக்கு அருளப்பட்டிருக்கிறது? வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி இக்கேள்விக்கு விடை தந்தது. அதனை இவ்விதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அம்மலைகளில் எல்க் என்னும் மானினம் வாழ்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் கடமானுக்கு அது உறவு. உருவில் அதனினும் பெரிது. வளர்ந்த ஆண்மானின் எடை 300 கிலோவையும் தாண்டும். ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும் அதன் கொம்புகள் இரண்டும் சேர்ந்து 18 கிலோ வரை இருக்கும். மற்ற மாதங்களில் அதனை அணுகுவது எளிதன்று. மனித வாடை காற்றில் கலந்தாலே காட்டுக்குள் மறைந்துவிடும். செப்டம்பரில் இணைசேர் பருவம் வந்ததும் அதன் இயல்பு மாறிவிடுகிறது. பெண்மான்களைத் தன்னருகே திரட்டுகிறது. எதிரியோடு கொம்பு கோத்துப் போரிடுகிறது. மேய்ச்சலையும் பெரும்பாலும் மறந்து உடல் இளைக்கிறது. தாழ்ந்த குரலில் தொடங்கிச் சீழ்க்கையாய் உயர்ந்து, உறுமலில் முடியும் அதன் அழைப்பு பள்ளத்தாக்கெங்கும் எதிரொலிக்கும்.

கொலராடோ மாநிலத்தில் வில்வேட்டைக்காரருக்கு அரசு ஒதுக்கியிருப்பதும் இம்மாதமே. அரசின் அனுமதிச் சீட்டு இன்றி எவரும் வேட்டையாடலாகாது. வீழ்த்திய மானின் இறைச்சியை வீணாக்குவதும் சட்டப்படி குற்றம். துப்பாக்கி ஏந்தியவன் தொலைவிலிருந்து சுடலாம். வில்லேந்தியவனோ முப்பது, நாற்பது மீட்டர் அளவுக்கு நெருங்கியாக வேண்டும். ஆகவே பலர், உரிமம் பெற்றவர்களிடம் பணியாற்றும் வழிகாட்டியின் துணையை நாடுகின்றனர். வழிகாட்டி, நாவின்மேல் ஒரு சிறு சவ்வை வைத்து ஊதிப் பெண்மானின் குரலை எழுப்புவார்; நீண்ட குழாய் ஒன்றின் வழியே எதிரி ஆண்மானின் அறைகூவலையும் எழுப்புவார். வேடனை முன்னே நிறுத்திவிட்டுத் தாம் சற்றுப் பின்னே மறைந்திருந்து அழைப்பார். குரல் வந்த இடத்தை நோக்கி வரும் மான், வேடனைக் கடந்து செல்லும்போது தன் பக்கவாட்டைக் காட்டும். அதுவே அம்பு எய்வதற்குரிய கணம்.

நாம் விருந்தினராய்த் தங்கியிருந்த கத்தோலிக்கக் குடும்பத்தின் தலைவர் தச்சுத் தொழில் செய்பவர். வழிகாட்டிக்குரிய பெருந்தொகையை நான்கு ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேமித்திருந்தார். மான் கிடைத்தால் குளிர்காலம் முழுதும் அவ்வீட்டாருக்கு அதுவே இறைச்சி. வேட்டையாடாத துணையாக எம்மையும் உடன் அழைத்துச் சென்றார். காதற்குரலைக் காட்டி உயிரைக் கவர்வது முறையா என்ற உறுத்தல் எம் உள்ளத்தில் இருந்தது. அதை அவரிடம் மறைக்கவில்லை. “அந்தக் கேள்வி எனக்கும் உண்டு. அதனால்தான் எனக்கென்று சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னார்.

முதல் நான்கு நாள்களும் பயனின்றிக் கழிந்தன. ஐந்தாம் நாளே இறுதி நாள். விடியற்காலையில் குளிர்ந்த காற்று மலைச்சரிவில் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. எமது வாடை மேலே செல்லாதபடி சரிவின் அடிப்புறத்தில் நின்றோம். வழிகாட்டி ஊதினார். மேலிருந்து மறுமொழி வந்தது. அடுத்த குரல் இன்னும் அருகில் கேட்டது. பிறகு கிளைகள் முறியும் ஓசை. சேறு படிந்த மார்போடு பேருருவான ஆண்மான் ஒன்று முப்பது மீட்டரில் வந்து நின்றது. நண்பர் கப்பிகள் பூட்டிய தம் வில்லின் நாணை முழுவதும் இழுத்துவிட்டிருந்தார்.

ஆனால் மான் நேருக்கு நேராக நின்றது. இடையே கிளையொன்றும் குறுக்கிட்டது. அம்பு, விலா வழியே நுரையீரலைத் துளைத்தால் மான் விரைவில் உயிர்விடும். இலக்கு தவறினாலோ, புண்பட்ட விலங்கு எங்கேனும் ஓடி நெடுநேரம் துன்புற்றுச் சாகும். ஒரு நிமிடம் சென்றது. மான் திரும்பவில்லை. நண்பரின் தோள்கள் நடுங்கின. மெல்ல, மிக மெல்ல, அவர் நாணைத் தளர்த்தினார். அந்த அசைவைக் கண்ட மான் பாய்ந்து மறைந்தது. வழிகாட்டி அருகில் வந்து, ஒரு சொல்லும் பேசாமல் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அன்றிரவு வெறுங்கையோடு வீடு திரும்பினோம். “ஏன் அப்பா எய்யவில்லை?” என்று இளைய மகன் கேட்டான். “உறுதியில்லாத அம்பை விடுவதில்லை என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன், மகனே” என்றார் தந்தை. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, கலக்கம் இல்லை.

இத்தகைய தன்னடக்கம் இல்லாதிருந்த காலத்தின் விளைவையும் அந்நாடு கண்டிருக்கிறது. ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி எல்க் மான்கள் இருந்ததாக மதிப்பிடுவர். வரம்பற்ற வேட்டையாலும் நில அபகரிப்பாலும் 1900-ஆம் ஆண்டை ஒட்டி அவை ஒரு லட்சத்துக்கும் கீழே குறைந்தன. பின்னர்ச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1912-இல் வயோமிங் மாநிலத்தில் எல்க் மான்களுக்கெனத் தனிப் புகலிடம் அமைந்தது. வேட்டைத் துப்பாக்கிகள்மீது 1937 முதலும், வில் அம்புகள்மீது 1972-இல் இயற்றிய சட்டத்தாலும் வரி விதித்து, அதனை வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செலவிட்டனர். இன்று அவை சுமார் பத்து லட்சமாகப் பெருகியுள்ளன.

விலங்குகளை உணவுக்கும் உடைக்கும் பயன்படுத்துவதைத் திருச்சபை தடுக்கவில்லை. ஆயினும் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்லுவதும் மனித மாண்புக்கே முரணானது என 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் போதிக்கிறது. வேடர்களின் பாதுகாவலரான புனித ஹூபர்ட், பெரிய வெள்ளியன்று மானைத் துரத்திச் சென்றபோது அதன் கொம்புகளிடையே திருச்சிலுவையைக் கண்டு மனந்திரும்பினார் என்பது மரபு. பின்னர் லியேஜ் நகரின் ஆயராகி 727-இல் இறைவனடி சேர்ந்தார். அவரது திருநாள் நவம்பர் 3. துரத்திய வேகத்தில் நின்றவர் அவரும்.

ஆசை அழைத்ததால் மான் வந்தது. வேறொன்றும் அதற்குத் தெரியவில்லை. மனிதரையும் ஆசையே அங்கே கொணர்ந்தது. ஆனால் அவரால் நிற்க முடிந்தது. நம் இல்லங்களிலும் நாண் முழுவதும் இழுபட்ட வேளைகள் வருகின்றன. சுடுசொல் நாவின் நுனி வரை வந்துவிடுகிறது. மகனுக்கு வரதட்சணை பேசி முடித்தாயிற்று, இனி எப்படி மாற்றுவது என்று பெற்றோர் தயங்குகின்றனர். கடன்பட்டேனும் ஆடம்பரமாய் விழா நடத்தப் பந்தலுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. அன்பர்களே, அம்பு இன்னும் கையில்தான் இருக்கிறது. முழுவதும் இழுத்த நாணையும் மெல்லத் தளர்த்தலாம். அதற்குரிய வலிமையை இறைவன் நமக்குத் தந்திருக்கிறார்.