கேமராவுக்குக் கடன் வேண்டாம்

செலண்டார்,
மலாக்கா.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன்.  

பாட்டியின் தோட்டத்து வாழ்க்கையைப் படமாக எடுக்க நீ அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்த்தேன். கேமரா, மூன்று லென்ஸ், ட்ரோன் என்று எல்லாவற்றையும் கூட்டினால், வேலைக்குப் போன பிறகும் பல வருடம் நீ தவணை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். வங்கியில் கடன் போடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் தாயி. பாட்டியின் கதையை இப்போது உன் கையில் இருக்கிற கைப்பேசியிலேயே எடு.

செலவுக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. கல்யாண வீடியோ எடுத்தே குடும்பம் நடத்தியவன் நான். தோளில் சுமக்கும் விஎச்எஸ் கேமராவில் தொடங்கி, மினி டிவி டேப், டிஎஸ்எல்ஆர், இப்போதைய மிரர்லெஸ் வரை எல்லாவற்றையும் செலண்டாரிலும் ஜாசினிலும் பத்தாங் மலாக்காவிலும் தூக்கித் திரிந்திருக்கிறேன். நல்ல கருவியின் அருமை எனக்குத் தெரியும். அது எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதும் தெரியும். போனில் பேசினால் பாதியில் பேச்சு வேறு பக்கம் போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன்.

கைப்பேசியில் எடுத்ததை யார் படம் என்று மதிப்பார்கள் என்று கேட்கிறாய். நம் நாட்டில் நடந்ததையே எடுத்துக்கொள். 2000ஆம் ஆண்டில் அமிர் முகமட் 'லிப்ஸ் டு லிப்ஸ்' படத்தை டிஜிட்டல் வீடியோவில் எடுத்தார். பிலிம் சுருள் வாங்கவும் கழுவவும் வசதி இல்லாத இளைஞர்களுக்கு வழி திறந்தது அப்போதுதான். 2005இல் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தார். ரப்பர் தோட்டத்தில் வளரும் ஒரு பெண் மேல்படிப்புக்கு ஆசைப்படும் கதை. அதுவும் டிஜிட்டல்தான், சின்னச் செலவுதான். வெளிநாட்டுத் திரைப்பட விழாக்கள் வரை போனது. 2015 கடைசியில் சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' வந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதை. மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை அதற்குக் கொடுத்தார்கள். இந்தப் படங்களைப் பார்த்து முடித்த யாரும் எந்தக் கேமரா என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. நம் வீட்டுக் கதை திரையில் வந்ததே என்று அழுதவர்களைத்தான் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் பாலாஜி சக்திவேல் 2012இல் 'வழக்கு எண் 18/9' படத்தை எடுத்தது கேனன் 7டி கேமராவில். போட்டோ எடுப்பதற்காகச் செய்த கேமரா அது. அந்த வகைதான் நானும் கல்யாணத்துக்குக் கொண்டுபோனேன். ஒளிப்பதிவு விஜய் மில்டன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குத்தான். அதற்கும் முன்னால், 1998இல், டென்மார்க்கின் தாமஸ் வின்டர்பர்க் 'ஃபெஸ்டன்' படத்தை உள்ளங்கையில் அடங்கும் சோனி ஹேண்டிகேமில் எடுத்து கான் விழாவில் நடுவர் பரிசு வாங்கினார். 2015இல் அமெரிக்காவின் ஷான் பேக்கர் 'டேன்ஜரின்' படத்தை ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார். உன் கையில் இருப்பது அதைவிடப் பல தலைமுறை புதிய போன்.

ஆனாலும் விளம்பரத்தை அப்படியே நம்பாதே. 'ஐபோனில் எடுத்தது' என்று போட்டுவிட்டால் ஏதோ ஒருவர் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்துப் படம் முடித்துவிட்டார் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 2025இல் வந்த டேனி பாய்லின் '28 இயர்ஸ் லேட்டர்' பெரும்பாலும் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸில் எடுத்ததுதான். ஆனால் அந்தப் போனின் முன்னால் விலையுயர்ந்த லென்ஸ்கள், சுற்றிலும் உலோகச் சட்டம், பின்னால் ஒரு பெரிய படக்குழு. 'டேன்ஜரின்'கூட, லென்ஸுக்கு மேல் தனி லென்ஸ் மாட்டி, ஒலியைத் தனிக் கருவியில் தொழில்முறையாகப் பதிவு செய்த படம். அவர்கள் போனை வைத்துச் சாதித்தது பொய்யில்லை. போன் மட்டுமே சாதித்தது என்பதுதான் பொய்.

அப்படியென்றால் ஆரி அலெக்ஸா மாதிரி லட்சக்கணக்கான வெள்ளி விலையுள்ள சினிமா கேமராவில் என்னதான் இருக்கிறது? முதலில் சென்சாரின் அளவு. ஃபுல் ஃப்ரேம் கேமராவின் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். ஒரு இஞ்ச் சென்சார் என்று சொல்லி விற்கும் சின்ன கேமராவில் அது 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான், பரப்பில் ஏழில் ஒரு பங்கு. கைப்பேசியில் பெரும்பாலும் அதையும்விடச் சின்னது. பரப்பு குறையக் குறைய உள்ளே வரும் வெளிச்சமும் குறையும். பகலில் வீட்டு வாசலில் பாட்டியை உட்காரவைத்து எடுத்தால் இந்த வித்தியாசம் உனக்குத் தெரியவே தெரியாது. விடியற்காலையில் தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் சேர்வதை எடுத்துப் பார், உடனே தெரியும். இருட்டில் கைப்பேசிப் படம் புள்ளி புள்ளியாகக் கொதிக்கும். அதை மறைக்க போன் தானாகவே வழித்துவிடும், முகத்தில் இருக்கும் சுருக்கமெல்லாம் மெழுகு பூசியது போல் ஆகிவிடும். பாட்டியின் முகத்தில் அந்தச் சுருக்கம்தானே நமக்கு வேண்டும்?

இன்னொன்று, நம் தோல் நிறம். இதை நான் பல வருடம் கல்யாண மண்டபங்களில் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். கறுத்த பெண்ணை வெளுப்பாக்கிக் காட்டுவதுதான் அழகு என்று கேமராவும் நினைக்கிறது, கேட்கிறவர்களும் நினைக்கிறார்கள். கைப்பேசியைத் தானியங்கியில் விட்டால் அது முகத்தின் வெளிச்சத்தை ஏற்றிவிடும், பின்னால் இருக்கும் வானம் வெள்ளைத் துணியாகிவிடும். பாட்டி தலையைத் திருப்பும்போதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். அதனால் எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு எடு. பாட்டி வெயிலில் நின்று கறுத்தவர். அந்த நிறம் அப்படியே வரவேண்டும். செம்பனை நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் இரண்டையும் ஒன்றாகப் பிடிப்பதில் சினிமா கேமராவின் பலம் பெரிது, அதை ஒத்துக்கொள்கிறேன். நீ நேரத்தை மாற்று. மாலை ஆறு மணிக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகு எடுத்தால் போன் தாங்கும்.

பிளாக்மேஜிக் கேமரா என்ற செயலி இலவசம், அதை இறக்கிக்கொள். போனில் கூடவே வரும் கேமரா நொடிக்கு 30 படம் என்று வைத்திருக்கும், அதுவும் கூடிக் குறையும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப் லைட் வெளிச்சத்தில் திரையில் பட்டை பட்டையாக ஓடும். நொடிக்கு 25 படம், ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்று வைத்துவிட்டால் அந்தத் தொல்லை போய்விடும். வெயிலில் அந்த ஷட்டருக்கு வெளிச்சம் அதிகமாகிவிடும். அதைக் குறைக்க, லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற என்டி ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொள். பைக்கில் போய்க்கொண்டே செம்பனை மரங்களை எடுக்காதே. மரமெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரியும், சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது. 

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். ஒலி. படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பாட்டி பேசுவதே தாழ்ந்த குரலில். வீட்டில் மின்விசிறி சத்தம், வாசலில் மோட்டார் சைக்கிள், மழை வந்தால் தகரக் கூரை. போனில் இருக்கும் மைக் இதையெல்லாம் பாட்டியின் குரலோடு ஒரே அளவில் அள்ளிக்கொள்ளும். சட்டையில் குத்தும் சின்ன மைக் நூறு வெள்ளிக்குள்ளேயே கிடைக்கிறது. அதைப் பாட்டியின் சேலை மடிப்பில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்து. பேசும்போது விசிறியை நிறுத்து. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தால் முதலில் வாங்க வேண்டியது லென்ஸ் இல்லை, ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. திருவிழாவில் உறுமி மேளம் அடிக்கும்போது போன் தானாகவே ஒலியை நசுக்கிவிடும். உறுமியின் அந்த இழுவை கேட்காது, வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். தனிக் கருவியில் அளவைக் குறைத்து வைத்துப் பிடித்தால் மேளம் மேளமாகக் கேட்கும். பேட்டி எடுத்து முடித்ததும் எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி அந்த வீட்டின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும்.

போனுக்கும் பெரிய கேமராவுக்கும் நடுவில் இருக்கும் சின்ன கேமராவைப் பற்றியும் கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. 2010இல் ஜப்பானிய நிறுவனங்கள் உலகத்துக்கு அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி இந்தச் சின்ன கேமராதான். இப்போது எல்லா வகையும் சேர்த்து வருடத்துக்கு ஒரு கோடிக்குள் அடங்கிவிட்டது. மற்றதைக் கைப்பேசி தின்றுவிட்டது. சின்ன கேமராவில் பெரிய ஆதாயம், லென்ஸே நகர்ந்து தூரத்தைக் கிட்டே கொண்டுவரும் ஜூம். திருவிழாக் கூட்டத்துக்கு வெளியே நின்று கரகம் தூக்குபவரின் முகத்தைப் பிடிக்கலாம். யாரிடமாவது இரவல் கிடைத்தால் எடுத்து வா. காசு கொடுத்து வாங்காதே.

கோயில் தீமிதிக்கும் விடியற்காலைப் பெரட்டுக்கும் மட்டும் ஒரு மிரர்லெஸ் கேமராவையும் அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸ் ஒன்றையும் வாடகைக்கு எடுப்போம். அந்த வாடகை என் பொறுப்பு. என் பழைய லென்ஸ்களில் ஒன்றுதான் இன்னும் சுத்தமாக இருக்கிறது. நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே ஒரு பாடு. சொந்தமாக வாங்கினால் அதற்கு உலர் பெட்டி வேறு வேண்டும். இதையும் உன் பட்டியலில் சேர்த்துப் பார்.

அனுமதி விஷயத்தில் கவனமாக இரு. பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் ஊரே பார்க்கும், எடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். கைப்பேசியில் எடுப்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. 'வழக்கு எண் 18/9' கதையிலேயே ஒரு பையன் கைப்பேசியில் ஒரு பெண்ணைத் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதிலிருந்துதான் அவ்வளவு துயரமும் வருகிறது. ஆகையால் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு எடு. பாட்டியிடமும் கேள். சொந்தப் பேத்தி என்பதால் கேட்காமல் எடுக்கலாம் என்று நினைக்காதே. தோட்டத்துக்குள் போக நிர்வாகத்திடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவோம். 2020 ஜூலையில் சமூக ஊடகத்துக்கு வீடியோ எடுப்பவர்களும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான ஃபினாஸின் உரிமம் எடுக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்து, எதிர்ப்பு கிளம்பியதும் அரசாங்கம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் உன் படம் தொலைக்காட்சிக்கோ திரையரங்குக்கோ போகும் என்றால் முதலிலேயே ஃபினாஸில் விசாரித்துக்கொள்.

எடுத்ததை அன்றன்றைக்கே இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிடு, ஒன்று இங்கே, ஒன்று உன்னிடம். வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்காதே, படத்தின் தரம் பாதியாகக் கரைந்துவிடும்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் தெரியுமா? மலாயாவில் ரப்பரை வியாபாரப் பயிராக முதலில் நட்ட டான் சாய் யான் அதை நட்டது இதே மலாக்காவில், 1896இல், புக்கிட் லிந்தாங்கில். அடுத்து பெரிய அளவில் நட்டது நம் பக்கத்துப் புக்கிட் ஆசாஹானில். அந்த மரத்தை வெட்டிப் பால் எடுத்த நம் ஆட்களின் குரல் எங்கே பதிவாகி இருக்கிறது? 1942, 43இல் ஜப்பானியர் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஆயிரமாயிரம் தமிழரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து கதை சொன்ன தாத்தாமார் எங்கள் சின்ன வயதில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் பேசியதைப் பிடித்து வைக்க அப்போது தோட்டத்தில் யாரிடமும் ஒரு டேப் ரெக்கார்டர்கூட இல்லை. இன்று உன் பாக்கெட்டில் கேமராவும் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் இருக்கிறது.

பாட்டிக்கு இன்னும் தான் பால் வெட்டிய நெரையில் எத்தனை மரம் இருந்தது, எந்த மரம் அதிகப் பால் கொடுத்தது என்பதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பால் சுமக்கும் காண்டா வாளியைத் தோளில் வைத்து எப்படி நடக்க வேண்டும் என்று போன வாரம் உன் அத்தைக்கு நடந்தே காட்டினார். தீம்பாரில், அந்த ரப்பர் காட்டுக்குள், பாம்பு வந்த கதையைச் சொல்லும்போது கையே கதை சொல்கிறது. ஆனால் பெயர்கள் மறக்கத் தொடங்கிவிட்டன. பக்கத்து வீட்டில் முப்பது வருடம் இருந்தவரின் பெயர் அன்றைக்கு வரவில்லை. நீ கடன் வாங்கி, கேமரா வந்து, அதைப் பழகி முடிப்பதற்குள் இன்னும் எத்தனை பெயர் போகுமோ.

விடுமுறை வரை தள்ளிப்போடாதே. இந்த சனிக்கிழமையே பஸ் பிடித்து வா. போன், சார்ஜர், மைக், ஒரு ஸ்டாண்ட் போதும். காலை எட்டு மணிக்கு பாட்டி வாசலில் உட்காருவார், கிழக்குப் பக்க வெளிச்சம் நேராக முகத்தில் விழும். அங்கிருந்து தொடங்குவோம்.

அன்புடன்,
உன் மாமா