நம் வாசலும் பிறர் வழியும்



ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், அவற்றில் உயர்ந்தது ஏகத்துவக் கலிமா என்றும், தாழ்ந்தது பாதையில் கிடக்கும் தொல்லை தருவனவற்றை அகற்றுவது என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததை மதரஸாவின் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுக்கிறோம். தொல்லை தருவது எது என்று கேட்டால் முள், கல், கண்ணாடித் துண்டு என்று பிள்ளைகள் அடுக்குவார்கள். வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குள் மூன்றடி நீளும் சிமெண்ட் சரிவை எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. பெரியவர்களாகிய நாமும் அதை அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கடந்த ஷவ்வால் விடுமுறையில் எங்கள் வீட்டு முன்முற்றத்தை நாங்களே பெயர்த்துப் புதிதாகத் தளம் போட்டபோது, இந்த ஹதீஸை எங்கள் வாசலில் வைத்து மீண்டும் படிக்க வேண்டியதாயிற்று.

சின்னாளப்பட்டி நெசவாளர்களின் ஊர். சுங்குடிச் சேலையும் பட்டும் இந்த ஊரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டு சென்றன. நெசவு ஊர்களில் தெரு என்பது வெறும் நடைவழி அன்று. பாவு நீட்டிப் பசையிட்டு உலர்த்தும் தொழிற்களமும் அதுவே. தெருவில் ஓரடி குறைந்தாலும் யாரோ ஒருவரின் வேலைக்கு இடம் குறைகிறது. எங்கள் தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே இருமுறை புதுத்தளம் இடப்பட்டது. அதனால் எங்கள் முற்றம் தெருவைவிட ஆறு அங்குலம் தாழ்ந்துபோனது. மழை பெய்தால் தெருநீர் உள்ளே வரும். உள்ளே தேங்கிய நீர் பக்கச் சந்தில் இறங்கி அடுத்த வீட்டுக்குச் செல்லும். அந்த வீட்டில் குழித்தறி போட்டிருக்கிறார்கள். தறிக்குழிக்குள் நீர் ஊறினால் மிதிபலகையில் கால்வைக்க முடியாது. அன்றைய நெசவும் இல்லை, கூலியும் இல்லை.

எங்கள் அம்மாவின் நிலை மற்றொரு கவலை. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் வாக்கர் பிடித்தே நடக்கிறார்கள். வீட்டு நிலைக்கும் முற்றத்துக்கும் இடையே மூன்று படிகள், அதாவது 18 அங்குலம். அவற்றைத் தாண்டி, வெடித்த தரையையும் கடந்து தெருவுக்கு வர அவர்களால் இயலவில்லை. அடுத்த தெருவிலிருக்கும் தம் தங்கையின் வீட்டுக்கு அவர்கள் போய் எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

விலை கேட்டபோது வந்து பார்த்த மூன்று கொத்தனார்களும் ஒரே வழியைத்தான் கூறினார்கள்: முற்றத்தை உயர்த்தி, நீரைத் தெருவுக்கு விட்டு, கேட்டுக்கு வெளியே நான்கடிக்குச் சரிவு போடுவது. "அஜ்ரத், தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே இருக்கிறது?" என்றார் ஒருவர். எங்கள் தம்பியும் அதையே சொன்னார்: "அண்ணே, அம்மா நடக்கணும். அதுக்காகப் போடுறதை யார் குறை சொல்லப்போறாங்க?"

இது எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. தாய்க்குச் செய்யும் பணிவிடை ஒருபுறம். அண்டை வீட்டாரின் உரிமையும் வழிப்போக்கரின் உரிமையும் மறுபுறம். இவை மோதும்போது மார்க்கம் என்ன வழிகாட்டுகிறது? அண்டை வீட்டாரைக் குறித்து ஜிப்ரீல் (அலை) இடைவிடாது அறிவுறுத்தியதால், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக எடுத்துக்கொண்டவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாகப் போடப்படும் என்ற எச்சரிக்கையும் புகாரியில் உண்டு. பாதையின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்று தீர்ப்பளித்த நபிமொழியும் உண்டு.

நம் இமாம்கள் இதை இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூலான ‘மின்ஹாஜ்’ஜில், சமாதான உடன்படிக்கை பற்றிய பாடத்தில், பொதுவழியில் திண்ணை கட்டுவதும் மரம் நடுவதும் கூடாது என்கிறார்கள். தொல்லை இல்லையெனில் ஆகும் என்ற மாற்றுக் கருத்தையும் அங்கேயே பதிவு செய்கிறார்கள். ஆக, மிகத் தளர்வான கருத்தை எடுத்துக்கொண்டாலும் ‘தொல்லை இல்லாமை’ என்ற நிபந்தனை நீங்குவதில்லை. எங்கள் தெருவில் மாலை இருட்டில் சைக்கிளில் வருபவர்கள் அத்தகைய சரிவுகளில் மோதி விழுவதை நாங்கள் கண்டிருக்கிறோம். இன்றைய சரிவு அன்றைய திண்ணையின் உடன்பிறப்பு.

எனவே தம்பியோடு அமர்ந்து கணக்குப் போட்டோம். முற்றம் 22 அடி நீளம், 9 அடி அகலம். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்த்தோம். தெருமட்டத்தில் தொடங்கி, கேட்டுக்கு உள்ளேயே இரண்டடி தூரத்தில் இரண்டு அங்குலம் ஏறும் ஒரு சிறு மேடு. அது தெருநீரைத் தடுக்கும். மேட்டைத் தாண்டியதும் குறுக்கே ஒரு கம்பிவலை மூடிய வாய்க்கால். அங்கிருந்து வீட்டு நிலைவரை 19 அடிக்குள் பத்து அங்குலம் ஏற்றம். இது ஏறத்தாழ 23 அங்குலத்துக்கு ஓர் அங்குலம். சக்கர நாற்காலிக்குச் சரிவு 12-க்கு ஒன்றுக்குமேல் செங்குத்தாக இருக்கக்கூடாது என்பது பொதுவான அளவுகோல். எங்களுடையது அதைவிட மென்மையானது. மூன்று படிகளும் தேவையற்றுப் போயின. தெருவில் ஒரு விரற்கடையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துத் தம்பி சற்றுநேரம் பேசவில்லை, பிறகு, "அப்போ தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டார்.

அதற்கு ஓர் உறிஞ்சு குழி. 18 சதுர மீட்டர் தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் நீர் சேரும். மூன்றடி விட்டம், ஆறடி ஆழத்தில் குழி தோண்டித் துளையிட்ட சிமெண்ட் உறைகளை இறக்கினோம். அடியில் ஓரடி ஜல்லி நீங்கலாக உள்ளே ஆயிரம் லிட்டர் கொள்ளும். மாடி நீர் வீட்டின் பின்புறக் குழிக்கு முன்பே சென்றுகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் முற்றத்து நீரை அந்தக் கணக்கில் சேர்ப்போர் குறைவு.

அடுத்த சிக்கல் பக்கத்துச் சுவர். நிலையருகே மண் ஒன்றரை அடி உயரும்போது அது அண்டை வீட்டுச் சுவரை அழுத்தும். ஈரமும் உள்ளே இறங்கும். அச்சுவரிலிருந்து அரையடி தள்ளிச் செங்கல் வரிசை ஒன்று கட்டி, மண்ணை அதற்குள்ளேயே நிறுத்தினோம். இடைவெளியின் அடியில் கூழாங்கல் இட்டோம். வேலை தொடங்குமுன் அந்த வீட்டு அக்காவிடம் காகிதத்தைக் காட்டி விவரம் கூறினோம். "என் தறிக்குழி நனையாம இருந்தாப் போதும் பாய்" என்றார்கள். அந்த ஒரு சொல்லே எங்களுக்கு நிபந்தனையாயிற்று.

வேலையை நாங்களே செய்ததற்கு ஒரு காரணம் பணம். மற்றொன்று இந்த நுணுக்கங்களை ஒப்பந்தமாகப் பேச யாரும் முன்வராதது. எனினும் மட்டமும் வாய்க்காலும் கைதேர்ந்தவர் செய்யவேண்டியவை. அதற்கு ஒரு கொத்தனாரை இரண்டு நாள் அமர்த்தி, அன்றன்றே கூலியை அவர் கையில் கொடுத்தோம். கேட்டை உயர்த்தி மாட்ட வெல்டர் ஒருவர் வந்தார். மற்றவை எங்கள் கைவேலை. பஜ்ரு தொழுகை முடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் ஒன்பது மணிக்கு நிறுத்துவோம். பழைய தளத்தைக் கடப்பாரையால் பெயர்த்தோம். அந்த உடைசலையே அடிநிரப்பாகப் பயன்படுத்தினோம். மண்ணை நான்கு அங்குல அடுக்குகளாகக் கொட்டி, நீர் தெளித்து, திமுசுக்கட்டையால் இறுக்கினோம். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் குத்தினால் ஒரு மழைக்குள் தளம் அமிழும். அதன்மேல் நான்கு அங்குலம் ஜல்லி, ஒன்றரை அங்குலம் கிரஷர் தூள், பிறகு பேவர் பிளாக். இரு சக்கர வாகனமும் எப்போதாவது ஒரு காரும் வந்து நிற்கும் முற்றத்துக்கு 60 மில்லிமீட்டர் கனமும் எம்-35 தரமும் உள்ள கல் ஏற்றது. ஓரங்களில் சிமெண்ட் கட்டு அவசியம். அது இல்லையேல் கற்கள் மெல்ல மெல்ல விலகும். கடைசியாக இடுக்குகளில் உலர்ந்த மணலைப் பெருக்கி நிரப்பினோம்.

எங்கள் இரு மகன்களும் மதரஸாவில் கேட்ட பாடங்களை அந்தப் பதினொரு நாட்களில் கைகளால் படித்தார்கள். மதீனாவின் பள்ளிவாசல் கட்டப்பட்டபோது அண்ணலார் (ஸல்) அவர்கள் தோழர்களோடு தாமும் கல் சுமந்ததையும், அகழ் தோண்டுகையில் அவர்களின் திருமேனியில் புழுதி படிந்ததையும் ஓய்வு நேரத்தில் பேசிக்கொண்டோம். இளையவன் கைக்கொப்புளத்தைக் காட்டி, "தாவூத் நபிக்கும் இப்படி வந்திருக்குமா அத்தா?" என்று கேட்டான். தம் கையுழைப்பால் உண்டவர் என்று நபிமொழி புகழும் அந்த நபியை அவன் இனி மறக்கமாட்டான்.

பணி முடிந்த பதினைந்தாம் நாள் கோடை மழை கொட்டியது. முற்றத்தில் நீர் நிற்கவில்லை; வாய்க்கால் வழியே குழிக்குள் இறங்கியது. எங்கள் முற்றத்திலிருந்து ஒரு சொட்டும் சந்துக்குச் செல்லவில்லை. ஆனால் தெருவின் நீர் வேறொரு பக்கமாக அக்காவின் வீட்டு வாசலில் இன்னும் சேர்கிறது. எங்கள் பங்கு தீர்ந்தது. தெருவின் பங்கு தீரவில்லை. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதுத்தளம் இடவேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருந்தார். அடுத்த முறை சாலை போடும்போது அதைக் கடைப்பிடிக்கக் கோரி, தெருவில் எல்லா வீட்டாரும் சேர்ந்து மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அந்த அக்காவுடையது.

மழை விட்ட மறுநாள் அஸருக்குப் பின் அம்மா வாக்கரைப் பிடித்து யார் துணையுமின்றித் தெருவரை வந்தார்கள். அங்கிருந்து ஆட்டோவில் தங்கை வீட்டுக்குப் போனார்கள். மஃரிபுக்குத் திரும்புவதாகச் சொன்னவர்கள் இஷாவுக்குப் பிறகே வந்தார்கள்.

வாசலை உயர்த்தவோ தளம் போடவோ எண்ணும் குடும்பத்தார் மூன்றைச் சிந்தித்துக்கொள்ளுங்கள். உங்கள் நீர் யார் வீட்டில் முடிகிறது? உங்கள் மண் யார் சுவரில் சாய்கிறது? உங்கள் சரிவு யார் காலடியை எடுக்கிறது? நம் நிலத்துக்குள்ளேயே தீர்க்கக்கூடியதைப் பிறர் வழியில் இறக்கிவைப்பது வசதியாக இருக்கலாம். பெற்றோருக்காக என்று சொன்னாலும் அந்தச் சுமை இறங்கிவிடாது. பெற்றோருக்குச் செய்யும் நன்மையை யாருடைய உரிமையையும் குறைக்காமல் நிறைவேற்றும் வழியை அல்லாஹ் நம் அனைவருக்கும் எளிதாக்குவானாக. ஆமீன்.