முதல் வெடிக்கு முன்னர்

துவக்கைப் புதிதாகக் கையிலெடுப்பவன் கேட்கும் வினாக்கள் எல்லா நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. எவ்வளவு தூரம் போகும்? எந்தத் தோட்டா நல்லது? எப்படிக் குறி வைப்பது? எத்தனை வெடிக்கு ஒருமுறை குழலைத் துடைப்பது? வினாக்கள் பொதுவானவையெனினும் விடைகள் அவ்வாறல்ல. ஒவ்வொரு நிலமும் தன் காற்றுக்கும் தன் வரலாற்றுக்கும் ஏற்பவே விடை கூறுகின்றது. மன்னார் நகருக்குத் தெற்கே, அருவியாறு கடலொடு கலக்கும் பகுதியை அடுத்துள்ள அரிப்பு என்னும் கடற்கரையூர் இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வூர் இளைஞன் ஒருவனுக்கு, தந்தையார் மறைந்தபின், அகத்திமுறிப்புக் குளத்தின் கீழுள்ள சிறு வயல் உரித்தாயிற்று. கடலில் வலை வீசிப் பழகிய கை அவனுடையது. காலபோக நெல் கதிர் தள்ளும் நாள்களில் காட்டுப்பன்றிகள் இரவோடிரவாக வயலிற் புகுந்து, தின்பதிலும் மிகுதியாக உழக்கி அழித்தன. ஈராண்டு இழப்பைப் பொறுத்த அவன், மூன்றாம் ஆண்டு விண்ணப்பம் எழுதி, பலமுறை அலைந்து, அனுமதிப்பத்திரமும் புதுத் துவக்கொன்றும் பெற்றான். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் அப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

அவன் மனத்திலிருந்தது திரைப்படங்களிற் கண்ட றைபிள். கைக்கு வந்ததோ பன்னிரண்டு போர் வேட்டைத் துவக்கு. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவனுக்கு விளக்கியவர், நெடுங்காலம் வயற்காவல் செய்த பெரியப்பா ஆவார். றைபிளின் குழலினுள்ளே புரிபுரியாக வெட்டிய தவாளிப்புகள் உண்டு. அவை ஒற்றைச் சன்னத்தைச் சுழலச்செய்து நேரே செலுத்துகின்றன. மிகச் சிறியதெனக் கருதப்படும் இருபத்திரண்டு றைபிளின் சன்னமும் ஒன்றரை மைல் வரை செல்லவல்லது. வேட்டைத் துவக்கின் குழலோ உட்புறம் வழுவழுப்பானது. ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவு எதுவோ, அதுவே பன்னிரண்டு போர்க் குழலின் அளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். அதிலிருந்து புறப்படும் சன்னங்கள் போகப்போக விரிந்து பரவும். நாற்பது யாருக்கு அப்பால் அவற்றை நம்பிச் சுடுதல் தகாது. ஆயினும் பன்றிக்கெனப் போடும் எஸ். ஜீ. தோட்டாவின் பெருஞ்சன்னங்கள் குறி தவறினாற் பல நூறு யார் தாண்டியும் ஓர் உயிரைக் காயப்படுத்தக்கூடும்.

“அப்ப, நாற்பது யார் என்றது அது போற தூரம் இல்லையா, பெரியப்பா?” என்று கேட்டான் இளைஞன்.

“அது நீ சுடலாம் என்ற தூரம், மகன். அது போற தூரம் வேற. முதலாவது உன்ரை கையில இருக்கு. மற்றது உன்ரை கையில இல்லை” என்றார் அவர்.

பராமரிப்புப் பற்றிய வினாவுக்கு அரிப்பின் கடற்காற்றே முதல் ஆசிரியன். இங்கு இரும்பு ஓரிரவிலே நிறம் மாறும். காற்றிலுள்ள உப்பு ஈரத்தை ஈர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ள, அவ்வீரத்திற் கறள் பிறக்கின்றது. விரல்களின் வியர்வையிலும் உப்பு உண்டாதலின், தொட்ட கையோடு துவக்கை மூலையிற் சாத்துதல் பிழை. குழலைப் பின்புறமிருந்தே துடைத்தல் வேண்டும். அழுக்கு பொறிப்பகுதிக்குள் விழாதிருப்பதற்கும், குழல் வாயின் விளிம்பு தேயாதிருப்பதற்கும் அதுவே வழி. முதலில் தூரிகை, பின்னர் காய்ந்த துணி, ஈற்றில் மெல்லிய எண்ணெய் தோய்த்த துணி என்பது முறை. தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெய் போதும்; சமையலெண்ணெய் நாளடைவிற் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். துவக்கைத் தோலுறைக்குள் நெடுநாள் வைத்தலும் ஆகாது, தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்புக்கு ஊட்டும் ஆதலின்.

கறளினும் கொடிய பகை வேறொன்றும் உண்டு. மாதக்கணக்கிற் சாத்தி வைத்த குழலினுள்ளே குளவி மண்கூடு கட்டிவிடுவது இப்பகுதியிற் புதுமையன்று. அடைபட்ட குழலிற் சுட்டால் வெடியின் அமுக்கம் வெளியேற வழியின்றிக் குழலே பிளக்கும். சுடுபவன் தன் கையையோ கண்ணையோ இழப்பான். எனவே தோட்டா போடுமுன் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஊடுருவிப் பார்த்தல், எண்ணெயிடுவதினும் முதன்மையான கடமையாகும்.

இவையெல்லாம் கருவி பற்றிய அறிவு. இவற்றைக் கற்றபின்னரும் முதல் வெடி வைக்க இளைஞனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. “வெடி வைக்கப் போறாய் என்று எத்தனை வீட்டிலே சொன்னாய்?” என்று பெரியப்பா வினவினார். இந்த வினா எந்தக் கைந்நூலிலும் இராது. ஆயினும் அரிப்பிலே அதற்குப் பொருள் உண்டு.

இக்கடற்கரை ஒருகாலத்தில் துவக்கொலியை நற்செய்தியாகக் கேட்டது. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அரிப்பிலே இரவு பத்து மணியளவில் ஒரு வெடி தீர்க்கப்படும். அதைக் கேட்டதும் படகுகள் அனைத்தும் ஒருங்கே நிலக்காற்றைப் பிடித்துப் பாருக்குப் புறப்படும். திரும்பி வரும்போதும் கரையில் ஒரு வெடி முழங்கும். 1803இல் வெளிவந்த தம் நூலில் றொபேட் பேர்சிவல் இதனைப் பதிவுசெய்துள்ளார். எவரையும் நோக்காத வெடி அது. அதன் பொருள் ஆளுநர் முதல் சிப்பி பொறுக்கும் சிறுவன் வரை அனைவருக்கும் தெரிந்திருந்தது. அக்காலத்து ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய டொரிக் மாளிகை, ஊரார் வாயில் அல்லிராணிக் கோட்டையாகி, இன்று கடலரிப்பினாற் சிதைந்து சுவர்களாய் நிற்கின்றது.

பின்னர் வந்த ஒலிகள் வேறு. 2007ஆம் ஆண்டு போர் முசலிப் பகுதியை அடைந்தபோது இவ்வூர் மக்கள் வீடுவாசல் விட்டு இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தது. செவிகளில் அது அவ்வளவு விரைவாக முடியவில்லை. எங்கிருந்து, எவரால், எதற்கெனத் தெரியாத வெடியைக் கேட்டுப் பழகிய தாய்மாருக்கு, பன்றிக்கு வைத்த வெடியும் முதலில் வெடியே. பன்றி பின்னரே நினைவுக்கு வரும். இளைஞனின் தாயாரே புதுத் துவக்கைப் படுத்துறங்கும் அறைக்குள் வைக்க ஒப்பவில்லை. ஆதலின், அவன் ஒரு மாலைப்பொழுது முழுதும் வீடுவீடாகச் சென்று, மறுநாட் காலை எட்டு மணிக்கு வயற்புறத்தில் மூன்று வெடி கேட்கும் எனச் சொல்லி வந்தான்.

மறுநாள், வெறுமையான மண்மேடு பின்புறமாக அமைய, நாற்பது யார் தொலைவிற் கடதாசி விரித்து, முப்பது அங்குல வட்டம் வரைந்து சுட்டார்கள். வட்டத்துள் எத்தனை சன்னம், வெளியே எத்தனை என எண்ணுவதே துவக்கின் பரவலை அறியும் முறை. உள்ளே பட்டவற்றை இளைஞன் எண்ணினான். வெளியே போனவற்றை எண்ணும்படி பெரியப்பா பணித்தார்.

அந்த எண்ணிக்கையின் பயன் காலபோகத்தின் இறுதியில் வெளிப்பட்டது. நள்ளிரவில் வரப்போரம் சரசரப்பு. ரோச் வெளிச்சத்தில் இரு கண்கள் மின்னின. தூரம் முப்பது யாரும் இராது. விரல் விசைக்குச் சென்றது. ஆயினும் கண்களுக்குப் பின்னால் யாது உளது என்பது அவனுக்குத் தெரியவில்லை. அவன் சுடாது குரல் கொடுத்தான். விடையாக வந்தது மனிதக் குரல். கட்டவிழ்த்து ஓடிய மாட்டைத் தேடி, விளக்கின்றி அதன் பின்னே வந்துகொண்டிருந்தவர் அயல்வயற்காரர்.

அவ்விரவிலேயே வயலின் மறுகோடியிற் பன்றிகள் புகுந்து ஒரு பாத்தியை முற்றாக உழக்கியிருந்தன. இழப்பு இழப்பே, அதை எவரும் ஈடுசெய்யவில்லை. இத்தகைய இழப்புக்கு அஞ்சியே சிலர், ஆளில்லாமலே வெடிக்கும் கட்டுத்துவக்கைப் பாதையோரம் மறைத்து வைக்கின்றனர். சட்டம் அதனைத் தடைசெய்திருப்பதற்குக் காரணம் வெளிப்படை. கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. குரல் கொடுத்துக் கேட்கவும் அதற்குத் தெரியாது. பன்றியையும் மாட்டையும் மாட்டின் பின்னே வரும் மனிதனையும் அது ஒன்றாகவே நடத்தும்.

துவக்குக்கும் கட்டுத்துவக்குக்கும் இரும்பிலும் மருந்திலும் பெரிய வேறுபாடில்லை. வேறுபாடு, விசையின் பின்னே ஐயுறத் தெரிந்த ஒருவன் இருக்கிறானா என்பதிலேதான் உள்ளது. புதியவனுக்குக் கற்பிக்க வேண்டியவற்றுள் குறிவைத்தல் எளிது, துடைத்தல் அதனினும் எளிது. சுடாதிருத்தலைக் கற்பதற்கோ ஒரு பாத்தி நெல்லை விலையாகக் கொடுக்கவேண்டி நேரும். அவ்விலையை இன்முகத்தோடு கொடுப்பவனிடமே ஊர் தன் இரவுகளை நம்பி ஒப்படைக்கலாம்.