சூதுக்குப் பங்காளி யார்?

எர்ணாவூர் வழியே துறைமுகம் நோக்கிச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்பது வடசென்னை அறிந்த காட்சி. முன்பெல்லாம் அந்நேரத்தில் ஓட்டுநர் தோழர்களின் கையில் மாலை ஏடு இருக்கக் கண்டோம். இன்று கைபேசி. அதிலே கிரிக்கெட் ஆட்டம். ஆட்டத்தின் ஓரத்திலே பந்தயம். அடுத்த பந்து நான்கா, ஆறா, அவுட்டா? பந்துக்குப் பந்து பணம்!

அவர்களில் ஒருவர் நம்மிடம் சொன்னார்: "ரெண்டு மாச சம்பளம் போயிடுச்சு தோழர். நமக்கு ராசி இல்ல." கம்பெனி எந்த நாட்டுடையது என்று கேட்டோம். அது அவருக்குத் தெரியவில்லை.

ராசியாம் ராசி! சோதிடக் கட்டத்தை எள்ளி நகையாடும் இளைஞர்கூட இந்தக் கட்டத்திலே சிக்கிக்கொள்கிறார். காசைச் சுண்டினால் பூவும் தலையும் சரிபாதி வாய்ப்பு. 100 ரூபாய் கட்டி வென்றவனுக்கு 200 தருவதே நேர்மை. பந்தயக் கடையோ 190 தான் தரும். பூவுக்கு ஒருவர், தலைக்கு ஒருவர் என இருவர் கட்டினால் வந்தது 200, போனது 190. காசு எப்படி விழுந்தாலும் கடைக்கு 10. ஆண்டவன் செயலன்று, தோழர்களே, கூட்டல் கழித்தல்!

கடை இருக்குமிடமோ கடலுக்கு அப்பால். கரீபியக் கடலில், நெதர்லாந்து முடியரசுக்கு உட்பட்ட குராசோ என்னும் சிறு தீவு, உலகச் சூதாட்ட நிறுவனங்கள் பலவற்றுக்கு உரிமம் வழங்கியது. எர்ணாவூரில் பணம் இழந்தவன் வழக்காட அங்கேயா கப்பலேறுவான்?

நம் அரசுகள் என்ன செய்தன? தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022 அக்டோபரில் இணையச் சூதாட்டத் தடை மசோதாவை நிறைவேற்றிற்று. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் ஒப்புதல் தந்தார். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் டில்லி அரசு, இணையப் பந்தயத்தில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத வரி விதித்தது. வெளிநாட்டு நிறுவனமும் பதிவெண் பெற்று வரி கட்டலாம்; கட்டாவிட்டால் முடக்குவோம் என்றது. இதனால் பிற தடைச் சட்டங்களுக்குப் பாதகமில்லை என்று ஒரு வாசகத்தையும் சேர்த்துவைத்தது. திருடனிடம் பங்கு வாங்கிக்கொண்டு, திருட்டுக்கு நான் உடந்தையல்ல என்று ரசீது எழுதித் தருவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? ஆறே மாதத்தில் இணைய விளையாட்டு வரி 6,909 கோடி ரூபாயாக உயர்ந்ததென 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் அறிவித்தார். 2025 ஆகஸ்டில் பண விளையாட்டுக்கே தடை போட்டது நாடாளுமன்றம். அடுத்த மாதமே வரி விகிதம் 40 ஆயிற்று. அப்பட்டியலில் குதிரைப் பந்தயம், கேசினோ இவற்றோடு இணையப் பண விளையாட்டும் உட்கார்ந்திருந்தது. தடைசெய்த பண்டத்துக்கு வரி எதற்கு?

டில்லியை மட்டும் சாடிவிட்டு நம் வீட்டை மறைப்பது பகுத்தறிவாகாது. அண்ணாவின் ஆட்சியில், 1968இல், அரசே பரிசுச் சீட்டு நடத்திற்று. நல்ல நோக்கம் என்றனர். ஏழையின் கூலி அதிலே கரைந்ததை எவர் மறுப்பார்? 2003இல்தான் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வந்தது. ஆனால் 2024 மார்ச்சில் வெளியான தேர்தல் பத்திரக் கணக்கைப் பாருங்கள்! 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடம் பெற்றது ஒரு லாட்டரி நிறுவனம், ஃபியூச்சர் கேமிங். அதிலே 509 கோடி தி.மு.கழகத்துக்குச் சென்றதென்று கழகமே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. பா.ஜ.க.வும் திரிணாமுல் காங்கிரசும் அதே நிறுவனத்திடம் பெற்றவையே. அன்றைய சட்டப்படி அது குற்றமன்று. சட்டப்படி குற்றமன்று என்ற விடையோடு அமைதியடைவதற்காகவா சுயமரியாதை பேசினோம்? வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதை அரசியல் பேசும் பொருட்பாலில் வைத்தார். ஆள்வோரும் அதைப் படிக்கவேண்டும் என்பது நம் எண்ணம்.

படிப்பகத் தோழர்கள் கூடி, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மத்திய நிதியமைச்சகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதிவெண் பெற்ற வெளிநாட்டுப் பந்தய நிறுவனங்கள் எவை, ஒவ்வொன்றும் கட்டிய வரி எவ்வளவு, அந்த வரிப் பணத்திலிருந்து இழந்தவர் குடும்பத்துக்கு ஒரு காசேனும் திரும்பிற்றா என்று கேட்டுள்ளோம். விடை வந்ததும் இவ்வேட்டிலேயே அச்சிடுவோம்.