பனி இல்லாத மாதங்களுக்கு ஒரு தொழில்

பதிவு கொஞ்சம் நீளம். சீசனில் உழைக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோசம்.

அல்ப்ஸ் மலை என்றதும் நம் கண்ணுக்கு வருவது வெள்ளைப் பனியும் பனிச்சறுக்குக் கட்டைகளும்தான். ஆனால் ஜூன் மாதம் அங்கே போனால் அதே சரிவுகள் பச்சைப் புல்லாய் இருக்கும். மணி கட்டிய மாடுகள் மேயும். குளிர்காலத்தில் சறுக்குபவர்களை ஏற்றிச் செல்லும் அதே தொங்கு நாற்காலிகளில் சைக்கிளைக் கொழுவி மேலே அனுப்புவார்கள். ஆளும் ஏறிப் போய், உச்சியில் இறங்கி, சைக்கிளில் கீழே வருவார். வந்தவர் திரும்பவும் ஏறுவார். நாள் முழுக்க இதுதான்.

சும்மா புல்லில் உருட்டிவிடும் விளையாட்டு அல்ல இது. பனிச்சறுக்குத் தடங்களைப் போலவே சைக்கிள் தடங்களுக்கும் நிறம் உண்டு. பச்சை என்றால் பழகுபவர்களுக்கு, நீலம் இலேசானது, சிவப்பு கஷ்டமானது, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு மட்டும். சில தடங்களை இயந்திரத்தால் வெட்டி, வளைவுகளில் மண்ணை அணைபோல் உயர்த்திச் செய்திருப்பார்கள். சிலவற்றை மரவேரும் கல்லுமாக அப்படியே விட்டிருப்பார்கள். சைக்கிளுக்கு முன்னாலும் பின்னாலும் அதிர்வு தாங்கி, தடித்த டயர். ஓடுபவருக்கு நாடியையும் மூடும் ஹெல்மட், முழங்கால் கவசம்.

தடம் வெட்டுவதில் ஒரு விதி உண்டு. மலைச்சரிவு எவ்வளவு சாய்வோ, அதில் பாதிக்கு மேல் தடத்தின் சாய்வு இருக்கக் கூடாது. மீறினால் மழைத்தண்ணீர் தடத்தைக் குறுக்கே கடந்து போகாமல் தடம் வழியே ஓடத் தொடங்கும். பிறகு அது சைக்கிள் பாதையாக இராது, வாய்க்காலாகிவிடும். மாரியில் நம் மண்வீதிகளுக்கு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. ஒஸ்ரியாவின் லியோகாங் கிராமம் 2001இல் சைக்கிள் பூங்காவைத் திறந்தது. பிரான்ஸின் லே ஜே கிராமத்தில் 2004இலும் 2022இலும் மலைச் சைக்கிள் உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. லே ஜே இருக்கும் போர்ட் து சொலெய் பிரதேசத்தில் பிரான்ஸும் சுவிஸுமாகப் பன்னிரண்டு ஊர்கள் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாட்டில் காலைச் சாப்பாட்டை முடித்து, மறு நாட்டில் சைக்கிளில் இறங்கலாம்.

கோடையிலும் வாடிக்கையாளர் வரட்டும் என்று தொடங்கிய வேலை, இப்போது வேறொரு காரணத்தால் அவசரமாகிவிட்டது. பனி குறைகிறது. 2023 ஜனவரி முதலாம் திகதி, நடுக் குளிர்காலத்தில், சுவிஸின் டெலெமோன் நகரில் 20 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பம் பதிவானது. அதே ஆண்டு நேச்சர் கிளைமேட் சேஞ்ச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. 28 ஐரோப்பிய நாடுகளில் 2,234 பனிச்சறுக்கு நிலையங்களைப் பார்த்திருந்தார்கள். உலக வெப்பம் 2 பாகை உயர்ந்தால் அவற்றில் 53 சதவீதமும், 4 பாகை உயர்ந்தால் 98 சதவீதமும் பனித் தட்டுப்பாட்டின் மிகக் கடும் ஆபத்தில் விழும் என்றது அது. செயற்கைப் பனி இல்லாத நிலைக்கான கணக்கு இது. செயற்கைப் பனி அடிக்கவும் குளிர் வேண்டும், தண்ணீர் வேண்டும்.

இங்கேதான் மெத்தாபியேஃப் என்ற ஊரை நாம் கவனிக்க வேண்டும். பிரான்ஸில், சுவிஸ் எல்லையோரம், ஜூரா மலைத்தொடரில் இருக்கிறது. அதன் சறுக்குத் தடங்களின் உச்சியே 1,500 மீற்றருக்குக் குறைவு; நம் நுவரெலியா நகரம் அதைவிட உயரம். 1993இல் மலைச் சைக்கிள் உலகச் சம்பியன்ஷிப்பை நடத்திய ஊர் அது. 2020ஆம் ஆண்டளவில் அந்த நிலையத்தை நடத்துபவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். 2030க்கும் 2035க்கும் இடையில் மலைச்சரிவுப் பனிச்சறுக்கு இங்கே முடிவுக்கு வரும், அதற்கு இப்போதிருந்தே ஆயத்தமாவோம் என்றார்கள். பனி முழுதாய் நின்ற பிறகு சொன்ன பேச்சல்ல இது. தடங்களில் ஆட்கள் சறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் சொன்னது. புதிய இழுவை இயந்திரங்களுக்குப் பெரும் பணம் போட்டு, நாளை அது துருப்பிடித்து நிற்பதைவிட, உள்ளதைப் பராமரித்துக்கொண்டு நான்கு பருவத்துக்கும் தொழில் தேடுவோம் என்பது அவர்கள் கணக்கு.

சைக்கிள் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. பிரான்ஸ் மலைகளில் இழுவை வண்டிகளின் வருமானத்தில் மிகப் பெரும் பங்கு இன்னும் குளிர்காலத்தில்தான் வருகிறது. கோடைச் சைக்கிள் அந்தப் பள்ளத்தை முழுதாக நிரப்பாது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே தடம் போனால் மாட்டுக்காரருக்குக் கஷ்டம். படலையைத் திறந்தவர் மூடாமல் போவார், கன்று மிரளும். தடத்தை வருடா வருடம் திருத்த வேண்டும். விழுந்து எலும்பு முறிபவர்களும் உண்டு.

ஆனாலும் ஒரு விசயத்தை அவர்களிடம் நாம் படிக்கலாம். அந்த மலைகளில் ஒரே ஆள் இரண்டு தொழில் வைத்திருப்பது பழைய வழக்கம். கோடையில் மாடு, குளிர்காலத்தில் இழுவை வண்டியில் வேலை. இன்று குளிர்காலத்தில் பனிச்சறுக்குப் பழக்குபவர் கோடையில் மலைச் சைக்கிள் பழக்குகிறார். பிரான்ஸில் சம்பளத்துக்கு இவற்றைப் பழக்க இரண்டுக்கும் தனித்தனியே படித்துத் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். ஊர் மாறுவதற்கு முன்னால் ஆட்கள் படித்துக்கொண்டார்கள்.

இப்போது நம் பொத்துவிலுக்கு வருவோம். நமக்குப் பனி இல்லை, அலை இருக்கிறது. சித்திரை கடந்து உல்லையில் சீசன் தொடங்கினால் ஐப்பசி வரை ஓட்டோவுக்கும் கபானாவுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் ஓய்வில்லை. வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் அடங்கிவிடும். வயல் உள்ளவருக்குப் பெரும்போகம் கைகொடுக்கும், இல்லாதவர் கடன் வாங்குவார். ஆசிரியர்களுக்கு இதில் வேறொரு கவலையும் உண்டு. சீசன் சூடுபிடித்தால் மேல்வகுப்புகளில் சில கதிரைகள் வெறுமையாகிவிடும். அந்தப் பிள்ளைகளில் பலர் பரீட்சைக்குத் திரும்புவதே இல்லை. கையில் காசு வரும்போது படி என்று சொன்னால் யார் கேட்பார்?

யூசுப் நபி அலைஹிஸ்ஸலாம் அவர்களின் வரலாறு நம் எல்லோருக்கும் தெரியும். ஏழு வருடம் விளைந்ததைச் சேமித்தபடியால்தான் பஞ்சத்தின் ஏழு வருடத்தை அந்த மக்கள் கடந்தார்கள். விளையும் காலத்திலேயே திட்டம் போட்டார்கள். மெத்தாபியேஃப் மக்களின் கணக்கும் அதுதான்.

ஆகவே பெற்றோரிடம் நமது வேண்டுகோள் இரண்டுதான். சீசனில் பிள்ளை உழைக்கட்டும், ஆனால் பாடசாலை நேரத்தில் வேண்டாம், பரீட்சையை விட்டுவிட்டு வேண்டவே வேண்டாம். மற்றது, உழைத்த காசில் ஒரு பங்கை மாரி மாதங்களில் ஒரு பயிற்சிக்கு ஒதுக்குங்கள். உயிர்காப்பு நீச்சல், வழிகாட்டிப் பயிற்சி, இயந்திரம் திருத்துதல், ஒரு வெளிநாட்டு மொழி, எதுவானாலும் சரி, கையில் சான்றிதழ் கிடைக்கும் படிப்பாக இருக்கட்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் விளையாட்டுக் கழகங்களும் இந்த சீசன் முடிவதற்கு முன்னரே கூடிப் பேசினால், வாடைக்காற்றுக்கு முன் வகுப்புகளைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ். மாலை நேரத்தில் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் நாம் ஆயத்தம். எந்தப் பயிற்சி நம் பிள்ளைகளுக்குப் பொருந்தும் என்று கீழே எழுதுங்கள்.