டம்டமிலிருந்து வந்த தட்டுகள்

எங்கள் அப்பா மைக்செட்காரர். ஜவ்வாது மலையில் கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் ஆம்ப்ளிபையர், குழாய் ஸ்பீக்கர், கார் பாட்டரி, ஒரு தகரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள் இவற்றோடு போளூரில் பஸ் ஏறி ஜமுனாமரத்தூரில் இறங்குவார். அங்கிருந்து கரண்ட் எட்டாத ஊர்களுக்கு நடைதான். மற்றதையெல்லாம் ஆள் தலையில் ஏற்றிவிட்டாலும் தட்டுப்பெட்டியை மட்டும் தானே சுமப்பார். ஸ்பீக்கர் விழுந்தால் நெளியும், தட்டிக்கொள்ளலாம். தட்டு விழுந்தால் அன்றைய வாடகை போச்சு.

காசெட் வந்த பிறகு பெட்டி பரண் ஏறிவிட்டது. போன வருஷம் அப்பா காலமானார். பாகம் பிரிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை, இந்தப் பெட்டிதான். தம்பிக்குப் பெண்ணின் காலேஜ் பீஸ் கட்டியாக வேண்டும். சென்னையிலிருந்து ஒரு வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். தம்பியை நான் குறை சொல்லமாட்டேன், கஷ்டம் அவனுக்குத்தானே தெரியும். ஆனால், "எல்லாம் ஒரே கறுப்புத் தட்டுதானேக்கா, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சு வெச்சா நல்ல விலை போகும்" என்று ஒரு பாட்டிலோடு வந்து நின்றானே, அப்போதுதான் எனக்குப் பகீரென்றது.

எல்லாம் ஒரே தட்டு இல்லை. அப்பா விரலால் சுண்டிப் பார்த்தே சொல்லிவிடுவார், இது அரக்கு, இது பிளாஸ்டிக் என்று. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகள் அரக்கில் செய்தவை. தபாலாபீஸில் பார்சலுக்கு முத்திரை வைப்பார்களே, அதே சரக்கு. புரசு, இலந்தை மாதிரி மரங்களின் கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் அப்பிக்கொண்டு, சாற்றைக் குடித்துவிட்டுத் தங்கள்மேல் கூடு மாதிரி ஒரு பிசினை விடும். ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் மலைஜனங்கள் அதைச் சுரண்டி எடுத்து விற்கிறார்கள். எங்கள் மலையிலும் புரசு உண்டு. ஆனால் அரக்கு எடுப்பவர்களை நான் பார்த்ததில்லை; எங்களுக்குத் தேனும் சாமையும் புளியும்தான். அந்த அரக்கோடு கல்மாவும் கரித்தூளும் பஞ்சுத்தூளும் பிசைந்து, சூட்டோடு அச்சில் அழுத்தினால் தட்டு. உலகத்துக்கே நம் நாட்டு அரக்குதான் பெரும்பாலும் போனது. இரண்டாம் உலக யுத்தத்தில் வரத்து குறைந்தபோது, 1942 வாக்கில் அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கியிருக்கிறார்கள்!

இந்த அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். ஆசாரிகள் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவதே அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத்தான். தம்பி துடைத்திருந்தால் தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் துணியோடு வந்திருப்பார்கள்.

பிளாஸ்டிக் தட்டின் கதை வேறு. எங்கள் பெரியவன் பாலிடெக்னிக்கில் முலாம் பூசும் பாடம் படித்தவன், அவன்தான் எனக்கு விளங்கும்படி சொன்னான். முதலில் அலுமினியத் தகட்டின்மேல் மெழுகுபோல் வழவழவென்று ஒரு பூச்சுப் பூசி, அது சுற்றும்போது கூர்மையான ஊசியால் பாட்டைக் கீறுவார்கள். குரல் எப்படி நடுங்குகிறதோ அப்படியே கோடும் நெளியும். ஒரு பெரிய தட்டின் ஒரு பக்கக் கோட்டை நீட்டி வைத்தால் சுமார் அரை கிலோமீட்டர் வருமாம்! அந்தத் தகட்டின்மேல் வெள்ளியைத் தெளித்து, நிக்கல் முலாம் கனமாக ஏற்றி உரித்தெடுத்தால், பள்ளம் மேடாகி ஒரு நிக்கல் தகடு கிடைக்கும். இது தகப்பன். இதிலிருந்து இன்னொன்று உரித்தால் தாய். தாயிடமிருந்துதான் தட்டு அடிக்கும் அச்சுகள் எடுக்கிறார்கள். தொழிற்சாலையிலும் தகப்பன், தாய் என்றே பெயராம். தாய் பத்திரமாக இருந்தால் அச்சு தேயத் தேய வேறு எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம் நம் சமையலறை வேலைதான். பி.வி.சி. குருணையை உருக்கி அதிரச மாவு மாதிரி ஒரு உருண்டை. மேலே ஒரு லேபிள், கீழே ஒரு லேபிள். இரண்டு அச்சுக்கும் நடுவே வைத்து, நீராவிச் சூட்டில் சுமார் 100 டன் அழுத்தம். பூரி பிரஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பிறகு அதே குழாய்களில் குளிர்ந்த நீரைவிட்டு இறுகவைத்து, ஓரத்தில் பிதுங்கினதை நறுக்கிவிடுவார்கள். எல்லாம் அரை நிமிஷ வேலை. லேபிளுக்குப் பசையே கிடையாது, சூட்டிலேயே ஒட்டிக்கொள்கிறது. முன்னாடியே அதை அடுப்பில் காயவைத்துவிட வேண்டும், ஈரமிருந்தால் கொப்புளம் கிளம்பும்.

அப்பாவின் தட்டுகளில் கல்கத்தா, டம்டம் என்று போட்டிருக்கும். கொட்டுச் சத்தத்துக்காக வைத்த பேர் என்றே நாங்கள் பேசிக்கொள்வோம். அது ஊர்ப்பேர், ஹெச்.எம்.வி. தொழிற்சாலை இருந்த இடம். அதற்கும் முன்னால் 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை மெழுகில் பதிந்து, தட்டு அடிப்பதற்குக் கப்பலில் ஜெர்மனியின் ஹானோவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். பாட்டு முடிவில் அந்த அம்மாள் தன் பெயரை இங்கிலீஷில் சொல்வாராம், அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு யார் பாட்டு என்று தெரியவேண்டாமா! 1908-ல்தான் கல்கத்தாவிலேயே ஒரு தொழிற்சாலை வந்தது.

இத்தனையும் சொல்லித் தம்பியை உட்காரவைத்தேன். ஒருநாள் முழுக்க இருவரும் சுண்டிச் சுண்டிப் பிரித்தோம். பிளாஸ்டிக் தட்டுகள் நூற்றுச் சொச்சம். வெறும் ஈரத்துணியால், கோடு போகிற போக்கிலேயே துடைத்து அவனிடம் கொடுத்தேன். பரண் வெயிலில் வளைந்துபோன ஒன்பதை வியாபாரி ஒதுக்கிவிட்டார், மீதிக்கு வந்த பணம் ஒரு டேர்ம் பீஸுக்குச் சரியாயிற்று. அரக்குத் தட்டுகள் முப்பத்தொன்றை நான் கேட்டேன். தம்பி கொஞ்சநேரம் பேசவில்லை. "ஹரிதாஸ் பாட்டை மட்டும் எனக்கு வெச்சிடுக்கா, அப்பா ராத்திரி கடைசியா போடுறது அது" என்றான். வெச்சிட்டேன்.

இப்போது முப்பதும் என் வீட்டு அலமாரியில் காகித உறைக்குள் நெட்டுக்குத்தாக நிற்கின்றன; படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரிசல் விடும். ஸ்பிரிட் பாட்டிலும் வீணாகவில்லை. ஊஞ்சல் பலகைக்கு ஆசாரி பாலிஷ் போட்டுக் கொடுத்தார்.