பச்சை வாடை போகும் வரை

அடுப்பங்கரையில் என் மாமியார் எனக்குச் சொல்லித்தந்த முதல் பாடம், "பச்சை வாடை போற வரைக்கும் கிளறு" என்பதுதான். மீன் குழம்புக்கு அரைத்த மசாலாவில் பச்சை நிறமே கிடையாது. மிளகாய் சிவப்பு, மல்லி பழுப்பு. பிறகு எதைப் பச்சை என்கிறார் என்று பதினெட்டு வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. திருநள்ளாறு பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து ஐம்பத்தைந்து வருஷமாகிறது. இப்போது அந்தச் சொல்லைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பச்சரிசி வெள்ளை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே இல்லை, காய்ச்சாத தண்ணீர் அது. பச்சைக் குழந்தை செக்கச்செவேலென்று பிறக்கிறது. பெற்றவள் பச்சை உடம்புக்காரி. சூளைக்குப் போகாத பானை பச்சை மண். வேகாதது, சுடாதது, ஆறாதது, நெருப்போ காலமோ இன்னும் தன் வேலையைச் செய்து முடிக்காதது எல்லாமே நமக்குப் பச்சைதான். பூச்சு இல்லாததும் பச்சை. பச்சைப் பொய், பச்சைத் துரோகம் என்கிறோம். காமராசரைப் பெரியார் பச்சைத் தமிழர் என்றாரே, அதுவும் கலப்பில்லாத இந்தப் பச்சைதான்.

எங்கள் காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர். அந்தக் காலத்துப் பள்ளியில் படித்த என் மாமனார், அவர்கள் பாஷையிலும் இப்படித்தான் என்பார். 'வெர்' என்றால் பச்சை. பழுக்காத காயும் 'வெர்', வயதாகியும் தளராத கிழவரும் 'வெர்'. தெருவில் புழங்கும் கொச்சைப் பேச்சுக்கு 'லாங் வெர்த்', பச்சை நாக்கு என்று பெயராம். நாம் பச்சை பச்சையாகப் பேசுகிறான் என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீடு.

வயலில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம். நாங்கள் காவிரியின் கடைமடை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல், காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கென்று ஒதுக்கியது 7 டி.எம்.சி. அரசலாற்றில் தண்ணீர் எட்டிப் பார்க்கும் வரை வானத்தையும் மதகையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கிடப்போம். தண்ணீர் வந்து நடவு முடிந்ததும் முதல் சில நாள் வயலைப் பார்க்கவே மனசு கேட்காது. நாற்றங்காலில் தளதளவென்று நின்ற நாற்று வெளிறித் தலை சாய்ந்து கிடக்கும். புதுசாக விவசாயம் பார்க்க வந்தவன் பதறிப்போய் உரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். தண்ணீரை அளவாக வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு வாரம், பத்து நாளில் வேர் ஊன்றியதும், "பச்சை புடிச்சிடுச்சு" என்று ஒருவர் வரப்பிலிருந்து சொல்வார். அன்றைக்குச் சாப்பாடே ருசியாக இருக்கும்.

எங்கள் திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வரும் கூட்டம் சனீசுவரனைத்தான் தேடுகிறது. பச்சைப் பதிகம் பிறந்த கோயில் இது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மதுரையில் பாண்டியன் முன்னால் சமணர்களோடு நடந்த அனல் வாதத்தில், திருஞானசம்பந்தர் தம் சுவடியில் கயிறு சாத்தி எடுத்த ஓலை இந்த ஊர்ப் பதிகம். முதல் திருமுறையில் 49-ஆவது. நெருப்பில் இட்டும் அது கருகாமல் பச்சையாகவே வந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. எழுதுகிற ஓலையை வேகவைத்து, உலர்த்தி, தேய்த்துப் பதப்படுத்தித்தான் எழுத்தாணி பிடிப்பார்கள். அதில் பச்சை நிறம் ஏது? ஆனாலும் எரியாத ஓலைக்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் பச்சை. நெருப்பு தொட்டும் உயிர் போகாததையும் அந்தச் சொல்லால்தான் அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை சன்னிதியில் நிற்கும்போதும் இது எனக்குப் புதிதாகவே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மூன்றாம் நாள், அரிசியும் துணியும் எடுத்துக்கொண்டு கடலோரக் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனோம். மகளைக் கடலுக்குக் கொடுத்த ஒருத்தி, இடிந்த சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய், "மனசைத் தேத்திக்கம்மா, இருக்கிற பிள்ளையைப் பாரு" என்றேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தலையில மணலு கூட இன்னும் போவல அக்கா" என்றாள். சீப்புப் படாத தலைமுடியில் வகிடு நெடுக மணல் ஒட்டியிருந்தது. அவ்வளவு கிட்டத்தில் நின்றும் அதுவரை அதை நான் பார்த்திருக்கவில்லை. பச்சைப் புண்ணில் கை வைத்துவிட்டு ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லை.

பிறகும் போனேன். மாதம் ஒரு தடவையாவது போவேன். பேசுவதில்லை. அவள் வலை முடிச்சு பிரித்தால் நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வேன்.

அடுத்த ஆனியில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. முடிந்து இரண்டு நாள் கழித்துப் போயிருந்தேன். அவளே பேச்செடுத்தாள். "பச்சை குத்திக்கிட்டேன் அக்கா" என்று முழங்கையை நீட்டினாள்.

என் அம்மா கையிலும் பச்சைக் கோலம் உண்டு. மஞ்சளையும் அகத்தி இலையையும் துணியில் திரியாகச் சுருட்டி விளக்கெண்ணெயில் எரித்து, அந்தப் புகைக்கரியைத் தாய்ப்பாலில் குழைத்துக் குத்துவார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். இவள் குத்திக்கொண்டது திருவிழாக் கடையில், மிஷினில். மகளின் பெயர், நான்கே எழுத்து. எழுத்தைச் சுற்றித் தோல் வீங்கிச் சிவந்திருந்தது. மேலே தேங்காய் எண்ணெய் மினுங்கியது.

"எரியுதா?" என்று கேட்டேன்.

"எரியுது. பத்து நாளு ஆவுமாம், எழுத்து தெளிய."

விரலை மடக்கிக்கொண்டு, தொடாமல், அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.